பனிக்கும் நெருப்புக்கும் ஒரே குல்லா!

அலாஸ்காவின் வடகோடியில் புரூடோ வளைகுடா என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே நவம்பர் மாதப் பிற்பகுதியில் ஒரு நாள் சூரியன் அடிவானத்துக்குக் கீழே இறங்கினால், மறுபடியும் முகம் காட்டுவது ஜனவரி பாதிக்கு மேல்தான். இடைப்பட்ட நாட்களில் காலை, மாலை என்பதெல்லாம் கடிகாரத்தில் மட்டுமே. நடுப்பகலில் சிறிது நேரம் தெற்கே மங்கலாக ஒரு வெளிச்சம் தெரியும். பிறகு அதுவும் மறைந்துவிடும்.

உஷ்ணமானி பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி காட்டும் நாட்களும் அங்கே உண்டு. இந்த 40 ஒரு விசித்திரமான எண். "சென்டிகிரேடா, பாரன்ஹீட்டா?" என்று கேட்க வேண்டியதே இல்லை. பூஜ்யத்துக்குக் கீழே 40-ல் இரண்டு அளவுகளும் ஒன்றாகிவிடுகின்றன!

இந்தக் குளிரிலும் அங்கே வேலை நிற்பதில்லை. 1968-ல் புரூடோ வளைகுடாவில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. 1977 முதல் அந்த எண்ணெய் 48 அங்குல விட்டமுள்ள குழாய் ஒன்றின் வழியாக 800 மைல் பிரயாணம் செய்து, தெற்கே வால்டீஸ் துறைமுகத்தைச் சேர்கிறது. அந்தப் பாதையிலுள்ள பிராஸ்பெக்ட் கிரீக் என்ற முகாமில் 1971 ஜனவரி 23-ந் தேதி பதிவான குளிர், பூஜ்யத்துக்குக் கீழே 62 டிகிரி சென்டிகிரேட். அமெரிக்காவில் இதுவரை பதிவானவற்றில் மிகக் கடுமையான குளிர் அதுதான்.

எண்ணெய் வயலில் வால்வுகளைத் திருப்ப வேண்டும். அழுத்தமானிகளைப் பார்க்க வேண்டும். பழுதான பம்பைக் கழற்ற வேண்டும். இவற்றுக்கெல்லாம் மனிதன் வெளியே வந்துதான் ஆகவேண்டும். வெளியே உறைபனி, குழாய்க்குள்ளே எரிவாயு. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும் தொழிலாளி தலையில் என்ன அணிவது?

கேள்வி சிறியதுதான். ஆனால், இதற்குத் தவறான விடை கண்டவர்கள் தங்கள் முகத்தையே விலையாகக் கொடுக்க நேரிடும்.

குல்லாவின் பூர்வகதை

மார்கழி மாதத்து அதிகாலையில், கண்ணும் மூக்கும் மட்டும் தெரியும்படி கம்பளிக் குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு தெருவில் நடக்கும் பெரியவரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நம் ஊரில் அதைக் குரங்குக் குல்லா என்பார்கள். வடதுருவத்துத் தொழிலாளி அணிவதும் அதே குல்லாதான். அதற்கு உலகம் வழங்கும் பெயர் 'பாலக்ளாவா'.

பாலக்ளாவா என்பது கருங்கடல் ஓரத்தில், கிரைமியாவிலுள்ள ஒரு துறைமுகம். 1854-ம் வருஷம் அக்டோபர் 25-ந் தேதி அங்கே பிரிட்டிஷ் படைக்கும் ரஷ்யப் படைக்கும் சண்டை நடந்தது. ஆனால் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு ரஷ்யர்களைவிடப் பெரிய விரோதியாக வந்து சேர்ந்தது குளிர். நவம்பர் 14-ந் தேதி வீசிய புயலில், குளிர்கால உடைகளை ஏற்றிவந்த 'பிரின்ஸ்' என்ற கப்பல் துறைமுகத்துக்கு வெளியிலேயே மூழ்கிப்போயிற்று. சிப்பாய்கள் கூடாரங்களில் நடுங்கினார்கள். செய்தி இங்கிலாந்துக்கு எட்டியது. தாய்மார்களும் சகோதரிகளும் கம்பளி நூலில் குல்லாக்களைப் பின்னி அனுப்பினார்கள். பல வருஷங்களுக்குப் பிறகு அந்தக் குல்லாவுக்குச் சண்டை நடந்த ஊரின் பெயரே நிலைத்துவிட்டது.

அந்தப் பெண்கள் குளிரை மட்டுமே நினைத்துப் பின்னினார்கள். ஆனால் அவர்கள் கையிலிருந்தது ஆட்டு ரோமம். அதில் இன்னொரு நற்குணமும் ஒளிந்திருந்தது. அதைப் பிறகு பார்ப்போம்.

தலை வழியே பாதி உஷ்ணமா?

"உடம்பின் உஷ்ணத்தில் பாதி தலை வழியாகத்தான் வெளியேறுகிறது" என்று பலர் சொல்லக் கேட்டிருப்போம். 1970-ம் வருஷத்து அமெரிக்க ராணுவக் கையேடு ஒன்றுகூட, தலையை மூடாவிட்டால் 40 முதல் 45 சதவிகித உஷ்ணம் போய்விடும் என்று எழுதியது. 2008-ல் இரண்டு அமெரிக்க டாக்டர்கள் பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகை ஒன்றில் இதைப் பரிசீலித்து, இது வெறும் கட்டுக்கதை என்று எடுத்துக்காட்டினார்கள். தலை உடம்பில் எவ்வளவு பாகமோ, ஏறக்குறைய அவ்வளவு உஷ்ணம்தான் அதன் வழியே போகிறது. பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் குல்லா எதற்கு? காதுக்கும் மூக்குக்கும் கன்னத்துக்கும்! காற்றோடு சேர்ந்த குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 28 டிகிரிக்கு இறங்கிவிட்டால், மூடாத சருமம் பத்து நிமிஷத்திலிருந்து முப்பது நிமிஷத்துக்குள் உறைந்துபோகலாம். 40-ஐத் தாண்டினால் ஐந்து நிமிஷத்திலிருந்து பத்து நிமிஷமே போதும். உறைந்த காதில் வலி தெரியாது, மரத்துப்போயிருக்கும். வெளுத்துப்போன மூக்கை அதன் சொந்தக்காரர் பார்க்க முடியாது. பக்கத்தில் நிற்கும் சகாதான் பார்த்துச் சொல்ல வேண்டும். எனவே, அந்தப் பிரதேசங்களில் முகத்தை மூடிக்கொள்வது அலங்காரமல்ல, அவசியம்.

கவசத்துக்குள் ஒரு காலி இடம்

தொழிலாளியின் தலையில் குல்லா மட்டும் இருந்தால் போதாது. மேலே விழும் பொருள்களிலிருந்து காப்பாற்றத் தலைக்கவசமும் வேண்டும்.

அந்தக் கவசத்துக்கும் ஒரு கதை உண்டு. முதல் உலக மகாயுத்தத்தில் இரும்புத் தொப்பி அணிந்து போரிட்ட புல்லார்ட் என்ற அமெரிக்க இளைஞர், ஊர் திரும்பியதும் சான்பிரான்சிஸ்கோவிலிருந்த தம் குடும்பத் தொழிலில் இறங்கினார். சுரங்கத் தொழிலாளிகளுக்கும் அப்படி ஒரு தொப்பி ஏன் செய்யக்கூடாது என்று யோசித்தார். கித்தான் துணியை நீராவியில் வேகவைத்து, பசையில் ஊறவைத்து, கறுப்பு வர்ணம் பூசி 1919-ல் ஒரு தொப்பி செய்தார். 1933-ல் கோல்டன் கேட் பாலத்தைக் கட்ட ஆரம்பித்தபோது, அந்த இடத்தில் தலைக்கவசம் இல்லாமல் யாரும் வேலை செய்யக்கூடாது என்று விதித்தார்கள்.

இன்றைய கவசம் பிளாஸ்டிக்கினால் ஆனது. அதைத் திருப்பிப் பார்த்தால் உள்ளே பட்டைகளாலான ஒரு தொட்டில் தெரியும். ஓடு தலையில் படாது. தொட்டில்தான் தலையில் உட்காரும். இரண்டுக்கும் நடுவில் காலி இடம் இருக்கும். மேலேயிருந்து ஒரு சுத்தியல் விழுந்தால் பட்டைகள் இழுபட்டு அந்த அடியை வாங்கிக்கொள்வதற்காகவே அந்த இடம் விடப்பட்டிருக்கிறது.

குளிர் தாங்காத தொழிலாளி என்ன செய்கிறார்? வீட்டிலிருக்கும் தடித்த குல்லா ஒன்றைப் போட்டு, அதன்மேல் கவசத்தை அமுக்கிக்கொள்கிறார். குல்லா அந்தக் காலி இடத்தை அடைத்துக்கொண்டால், விழும் அடி பட்டைகளில் அடங்காமல் மண்டைக்குப் போய்ச் சேரும். அல்லது கவசம் சரியாக உட்காராமல் குனியும்போது கழன்று விழும். ஆகவேதான் கவசத்தின் உள்ளே அணிவதற்கென்றே மெல்லிய உள் குல்லாக்கள் வந்தன. உச்சியில் மெல்லியதாகவும், காதிலும் பிடரியிலும் தடிப்பாகவும் அவற்றைத் தைக்கிறார்கள்.

குளிர் கவசத்தையும் சும்மா விடுவதில்லை. கடுங்குளிரில் பிளாஸ்டிக் நொறுங்கும் தன்மை பெற்றுவிடும். எனவே 2009-ல் வெளியான அமெரிக்கத் தர நிர்ணயத்தில், பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரியில் சோதித்துத் தேறிய கவசத்துக்குத் தனி அடையாளம் பொறிக்க ஏற்பாடு செய்தார்கள்.

மூன்று விநாடி

இதுவரை பனியின் கதை. இனி நெருப்பின் கதை.

ஒரு குழாயின் மூட்டில் எரிவாயு கசிகிறது. கசிந்த வாயு காற்றோடு கலந்து, கண்ணுக்குத் தெரியாத மேகமாகப் பரவி நிற்கிறது. எங்கிருந்தோ ஒரு பொறி. அவ்வளவுதான்! மேகம் முழுவதும் ஒரே சமயத்தில் பற்றி எரிந்து அணைந்துவிடுகிறது. பெரும்பாலும் மூன்று விநாடிக்குள் எல்லாம் முடிந்துவிடும். கையை உயர்த்தி முகத்தை மறைக்கக்கூட அவகாசம் இராது.

மனிதச் சருமம் எவ்வளவு சூட்டைத் தாங்கும்? 1947-ல் ஹார்வர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த மாரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இரு விஞ்ஞானிகள் இதை ஆராய்ந்தார்கள். 44 டிகிரி சென்டிகிரேட் சூடு சருமத்தைப் புண்ணாக்க ஆறு மணி நேரம் ஆயிற்று. சூடு 60 டிகிரியானால் சுமார் ஐந்தே விநாடிதான்.

இப்போது பாலியெஸ்டர் நூலால் செய்த, பஞ்சு போன்ற மெத்தென்ற ஒரு குல்லாவை நினைத்துப் பாருங்கள். லேசானது; விலை மலிவு; நனைந்தாலும் சீக்கிரம் உலர்ந்துவிடும்; குளிருக்கு இதம். எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆனால் பாலியெஸ்டர் சுமார் 260 டிகிரியில் உருகிவிடுகிறது. நைலானிலும் பல ரகங்கள். சில 220 டிகிரியிலேயே உருகும். பாலிபுரோப்பிலின் என்ற நூலோ 165 டிகிரியைக்கூடத் தாங்காது. அந்த மூன்று விநாடியில் குல்லா மெழுகாக உருகி, காதிலும் கன்னத்திலும் தாடையிலும் ஒட்டிக்கொள்ளும். நெருப்பு அணைந்துபோகும், ஒட்டிக்கொண்ட மெழுகோ சுட்டுக்கொண்டே இருக்கும். அதைப் பிய்த்தெடுத்தால் தோலும் கூடவே வரும்.

குளிரிலிருந்து காத்த அதே குல்லா, நெருப்பு வந்த நிமிஷத்தில் நெருப்பின் பக்கம் சேர்ந்துவிடுகிறது!

போர்க்களத்திலும் இந்தப் பாடத்தைக் கற்றார்கள். 2006 ஏப்ரலில், இராக்கிலிருந்த அமெரிக்க மரைன் படையினர் முகாமை விட்டு வெளியே போகும்போது பாலியெஸ்டர், நைலான் போன்ற செயற்கை நூல் உள்ளாடைகளை அணியக்கூடாது என்று உத்தரவு பிறந்தது. வெயிலுக்கு இதமாக இருக்கிறதென்று சிப்பாய்கள் விரும்பி அணிந்த உடை அது. குண்டு வெடித்துத் தீப்பிடித்தால் அது உருகி உடம்போடு ஒட்டிக்கொள்ளும் என்பதுதான் தடைக்குக் காரணம்.

மேலே எவ்வளவு உயர்ந்த தீக்காப்பு உடை அணிந்தாலும், சருமத்தை ஒட்டியிருப்பது உருகும் துணியானால் ஆபத்துதான். வெளியுடை தீப்பற்றாமல் நிற்கலாம். அதை ஊடுருவி வரும் சூட்டிலேயே உள்ளே இருப்பது உருகிவிடக்கூடும்.

எரியாத நூல்

நெருப்புக்கு அடங்காத நூல் உண்டா? உண்டு. முதலாவது, ஆட்டு ரோமமேதான்!

கம்பளியைக் கொளுத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சுலபத்தில் பற்றாது, பற்றினாலும் சுவாலையை எடுத்துவிட்டால் தானாகவே அணையப் பார்க்கும். உருகுவதில்லை, சொட்டுவதில்லை, கருகி நொறுங்கும் சாம்பலாகிறது. அது தீப்பற்ற 570 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். ரோமத்தில் நைட்ரஜனும் கந்தகமும் ஈரமும் மிகுந்திருப்பதே இதற்குக் காரணம். கிரைமியாவுக்குக் குல்லா பின்னி அனுப்பிய பெண்கள், தாங்கள் அறியாமலேயே, நெருப்புக்கும் ஓரளவு ஈடுகொடுக்கும் பொருளை அனுப்பியிருந்தார்கள். மலிவான செயற்கை நூல் வந்ததும், கம்பளியோடு அந்தப் பாதுகாப்பும் பல தலைகளை விட்டுப் போய்விட்டது.

இரண்டாவது, மருந்திட்ட பருத்தி. சாதாரணப் பருத்தி உருகாது. ஆனால் நன்றாக எரியும். 1950-களில் அமெரிக்க விவசாய இலாகாவின் நியூ ஆர்லியன்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில், பாஸ்பரஸ் கலந்த ரசாயனத்தைப் பருத்தி இழைக்குள் ஏற்றும் முறையைக் கண்டார்கள். அப்படிப் பக்குவப்படுத்திய பருத்தி, சுவாலை பட்டால் எரியாமல் கருகுகிறது.

மூன்றாவது, ஆராய்ச்சிக்கூடத்திலேயே பிறந்த நூல். டூபாண்ட் கம்பெனியில் வில்பிரட் ஸ்வீனி என்ற விஞ்ஞானியின் ஆராய்ச்சியில் உருவாகி, 1967-ல் விற்பனைக்கு வந்த 'நோமெக்ஸ்' அது. இதன் விசேஷம் என்னவென்றால், நெருப்புப் பட்டதும் இழை கருகிச் சற்றே பருக்கிறது. இழைகளுக்கிடையே இருக்கும் துவாரங்கள் அடைபடுகின்றன. துணிக்கும் சருமத்துக்கும் நடுவே ஒரு திரை விழுந்தது போலாகிறது. இந்த நூல் உருகிச் சொட்டுவதே இல்லை. 370 டிகிரிக்கு மேல்தான் அது சிதையத் தொடங்குகிறது.

இவற்றோடு 'மோடாகிரிலிக்' என்ற இன்னொரு செயற்கை நூலும் உண்டு. இதைப் பருத்தியோடு கலந்து மெத்தென்ற குல்லா நெய்கிறார்கள். கையில் எடுத்துப் பார்த்தால் சாதாரணக் குல்லாவுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. விலைச் சீட்டிலும் உள்ளே தைத்திருக்கும் அடையாளத் துணியிலும்தான் தெரியும்!

பொம்மைக்குத் தீ வைக்கிறார்கள்

தீக்காப்புத் துணியை எப்படிச் சோதிக்கிறார்கள்? தொங்கவிட்ட துணியின் அடியில் 12 விநாடி சுவாலையைக் காட்டுகிறார்கள். சுவாலையை எடுத்தபின் துணி இரண்டு விநாடிக்கு மேல் எரியக்கூடாது. கருகல் நான்கு அங்குலத்தைத் தாண்டக்கூடாது. பிறகு 260 டிகிரி சூட்டில் ஐந்து நிமிஷம் அடுப்பில் வைக்கிறார்கள். உருகவோ, சொட்டவோ, பற்றவோ கூடாது. சாதாரணப் பாலியெஸ்டர் தோற்றுப்போவது இந்த இடத்தில்தான்.

கடைசிப் பரீட்சை பயங்கரமானது. ஆள் உயரப் பொம்மைக்கு உடையை மாட்டுகிறார்கள். பொம்மையின் மேலெல்லாம் சூட்டை அளக்கும் நூற்றுக்கு மேற்பட்ட கருவிகள் பதிந்திருக்கும். சுற்றிலும் குழாய்கள் மூன்று விநாடி தீயைக் கக்குகின்றன. அதே இடத்தில் ஒரு மனிதன் நின்றிருந்தால் எத்தனை பாகம் வெந்திருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். இரண்டாம், மூன்றாம் தரத் தீக்காயங்கள் சேர்ந்து உடம்பில் 50 சதவிகிதத்தைத் தாண்டினால் துணி தேறவில்லை என்று பொருள்.

'தீக்காப்பு' என்ற வார்த்தையைக் கேட்டுவிட்டு, நெருப்பில் நடந்து வரலாம் என்று யாரும் எண்ணிவிடக்கூடாது. பிழைத்து வருவதற்கும் பிழைக்காமல் போவதற்கும் இடையிலுள்ள தூரத்தைத்தான் அந்த உடை மாற்றுகிறது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொழிலாளியின் முழு உடை கழுத்தோடு நின்றுவிடுகிறது. அமெரிக்காவின் தேசியத் தீத் தடுப்புச் சங்கம், திடீர்த் தீயிலிருந்து காக்கும் உடைகளுக்கென்று 2001-ல் தர விதிகளை வெளியிட்டது. அந்த விதிகளில் பாலக்ளாவாவும் தலைமூடியும் கையுறையும் இடம் பெற்றது 2012 பதிப்பில்தான். சட்டைக்கும் கால்சட்டைக்கும் கிடைத்த கவனம், தலைக்குக் கிடைக்கப் பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று!

கம்பத்தில் ஏறுகிறவர்கள்

எண்ணெய்த் தொழிலாளிக்கு மட்டும்தான் இந்தக் கவலை என்பதில்லை. பனிப்புயல் அடித்து மின்சாரக் கம்பிகள் அறுந்தால், ஊரெல்லாம் வீட்டுக்குள் அடைந்திருக்கும்போது வெளியே போகிறவர் மின்சாரத் தொழிலாளி. அவருக்கு வரும் நெருப்பு வேறு விதம்.

இரண்டு மின்கடத்திகளுக்கு நடுவே காற்றின் வழியே மின்சாரம் தாவினால், அதை மின்வில் என்கிறார்கள். அந்த இடத்தில் உஷ்ணம் 19,000 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டக்கூடும். சூரியனின் மேற்பரப்பைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு! ரால்ப் லீ என்ற என்ஜினீயர் 1982-ல் எழுதிய ஒரு கட்டுரைதான், ஷாக் அடிக்காமலேயே மின்சாரம் மனிதனை எரிக்க முடியும் என்பதைத் தொழில் உலகத்துக்குக் கணக்குப் போட்டுக் காட்டியது. ஒரு சதுர சென்டிமீட்டரில் 1.2 கலோரி விழுந்தால் சருமம் கொப்புளித்துவிடும்.

1994-ல் அமெரிக்க சர்க்காரின் தொழில் பாதுகாப்பு நிர்வாகம், மின்சார வாரியத் தொழிலாளிகளுக்கு ஒரு விதி செய்தது. காயத்தை அதிகமாக்கக்கூடிய உடையை அவர்கள் அணியக்கூடாது; தக்கபடி பக்குவப்படுத்தாத அசிடேட், நைலான், பாலியெஸ்டர், ரேயான் துணிகள் கூடாது. 2014-ல் அந்த விதி மேலும் இறுகியது. ஒவ்வொரு வேலையிலும் எவ்வளவு சூடு விழக்கூடும் என்று நிர்வாகமே கணக்கிட்டு, அதற்கு ஈடான உடையைக் கொடுக்க வேண்டும் என்று ஆயிற்று.

முகத்துக்கு முன்னால் கண்ணாடித் திரை இருந்தால் போதாதா? போதாது. மின்வில்லின் சூடு சுற்றிவளைத்துக்கொண்டு பிடரியையும் காதையும் தாக்கும். ஆகவே, பின்தலையும் ஆபத்து எல்லைக்குள் இருந்தால் திரையோடு பாலக்ளாவாவும் அணிய வேண்டும் என்று தீத் தடுப்புச் சங்கத்தின் மின்சாரப் பாதுகாப்பு விதிகள் சொல்லுகின்றன.

பணம் யார் கொடுப்பது?

இவ்வளவும் தெரிந்த பிறகும் தொழிலாளி ஏன் மலிவான குல்லாவை அணிகிறார்? அறியாமை ஒரு காரணம். இன்னொரு காரணம், பணம்.

அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிர்வாகம் 2007 நவம்பரில் ஒரு விதியை வெளியிட்டது. பாதுகாப்புச் சாதனங்களுக்கு முதலாளிதான் பணம் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். மிக நியாயமான விதி. ஆனால் சில விலக்குகளும் அதில் உண்டு. அவற்றுள் ஒன்று, சீதோஷ்ணத்திலிருந்து காத்துக்கொள்வதற்கு மட்டுமே பயன்படும் சாதாரண உடைகள். குளிர்காலக் கோட்டு, கையுறை, மழைக்கோட்டு, தொப்பி ஆகியவற்றைத் தொழிலாளியே வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

இந்தக் குல்லா எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது? பனிக்கு என்றால் தொழிலாளியின் செலவு. நெருப்புக்கு என்றால் முதலாளியின் செலவு. ஆனால் அது இரண்டுக்கும் அல்லவா?

விதியில் ஒரு சிறு வார்த்தை இருக்கிறது: 'மட்டுமே'. சீதோஷ்ணத்துக்கு மட்டுமே பயன்படுவது என்றால்தான் விலக்கு. நெருப்பு உண்டாகக்கூடிய இடத்தில் அணியும் குல்லா, குளிருக்கு மட்டுமே ஆனதாக எப்படி இருக்க முடியும்? 2010 மார்ச்சில் அதே நிர்வாகம், எண்ணெய், எரிவாயுக் கிணறுகளைத் தோண்டும் இடங்களிலும் பராமரிக்கும் இடங்களிலும் தீக்காப்பு உடையைக் கொடுத்து அணியச் செய்ய வேண்டும் என்று தன் அதிகாரிகளுக்கு எழுதியது. அந்த உடையின் தொடர்ச்சியாகத் தலையையும் சேர்த்துப் பார்ப்பதே நியாயம்.

உடையைக் கொடுத்துவிட்டு, "குல்லாவை நீயே பார்த்துக்கொள்" என்று சொல்லும் இடத்தில்தான் ஆபத்து நுழைகிறது. காலை நேரத்தில், காது விறைக்கும் குளிரில், தொழிலாளி எது கைக்கு அகப்படுகிறதோ அதைத்தான் மாட்டிக்கொள்வார். மூன்று விநாடி நெருப்பு என்றோ ஒரு நாள் வருவது, வராமலும் போகலாம். குளிரோ தினமும் வருகிறது. தினமும் வரும் விரோதிக்குத்தான் மனிதன் முதலில் பயப்படுவான். அது அவர் குற்றமன்று. அவருக்காக அந்த என்றோ ஒரு நாளை நினைத்துப் பார்க்க வேண்டியது நிர்வாகத்தின் கடமை.

வாங்கினால் மட்டும் போதாது

நல்ல குல்லாவும் அலட்சியத்தால் கெட்டுப்போகும். எண்ணெய் ஊறிய தீக்காப்புத் துணி எரியத்தான் செய்யும். துணி எரியாவிட்டாலும் அதிலுள்ள எண்ணெய் எரியும். ஆகவே அழுக்கானதைத் துவைத்துத்தான் அணிய வேண்டும். துவைக்கும்போது குளோரின் கலந்த வெளுக்கும் மருந்தோ, துணியை மிருதுவாக்கும் திரவமோ சேர்க்கக்கூடாது. முன்னது துணியின் காப்பைக் கெடுக்கும். பின்னது எரியக்கூடிய படலமாகத் துணிமேல் தங்கிவிடும்.

விஷவாயு முகமூடி அணியும் இடத்தில் இன்னொரு எச்சரிக்கை உண்டு. முகமூடியின் ரப்பர் ஓரம் சருமத்தோடு நேராகப் பொருந்த வேண்டும். நடுவில் குல்லாவின் விளிம்பு அகப்பட்டுக்கொண்டால், அந்த வழியே வாயு உள்ளே புகுந்துவிடும். எனவே முதலில் முகமூடி, அதன் ஓரத்தைத் தொடாதபடி பிறகு குல்லா என்ற ஒழுங்கில் அணிய வேண்டும். மூச்சுக் காற்றின் ஈரம் வாய்ப்பக்கத்தில் உறைந்து பனிக்கட்டியாகிவிடுமாதலால், மாற்றிக்கொள்ள இன்னொன்றைப் பையில் வைத்திருப்பதும் நல்லது.

தலைக்கவசத்தைப் பார்த்தால் அது கவசம் என்று எல்லோருக்கும் தெரிகிறது. அதன் உள்ளே இருக்கும் துணியைப் பார்த்தால் வெறும் துணி என்றே தோன்றுகிறது. ஆனால் சருமத்தைத் தொட்டுக்கொண்டிருப்பது அந்தத் துணிதான். நெருப்பு வரும் நாளில் முகத்தின் பக்கம் நிற்பதா, நெருப்பின் பக்கம் நிற்பதா என்பதை அதன் நூல் தீர்மானிக்கிறது.

ஓய்வறையின் கதவைத் திறந்து இருட்டுக்குள் காலடி வைப்பதற்கு முன்னால், வடதுருவத்துத் தொழிலாளி குல்லாவைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொள்கிறார். அதற்கு ஒரு விநாடிகூட ஆவதில்லை. அதன் உட்புறத்தில், பிடரிக்கு நேராக, விரல் அகலத்துக்கு ஓர் அடையாளத் துணி தைத்திருக்கும். என்ன நூல், எந்தச் சோதனையில் தேறியது என்று அதில் அச்சிட்டிருக்கும். வேலைக்குப் போகிறவரும், அவரை வேலைக்கு அனுப்புகிறவரும் அந்த இரண்டு வரியை ஒரு முறை படித்துப் பார்த்துவிட்டால் போதும்.